மேல ஒழுகுனதுக்கு கீழ மருந்து போடப் பாத்தோம்: ஒரு ஜார்ஜியன் பாரிஷ் சர்ச்சோட ஈரச்சுவர், நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தோட நடுப்பகுதியில ஒரு சந்தை ஊரு, அங்க இருக்குற பாரிஷ் சர்ச் இது. ஊர் பேரு ஆள் பேரு எதுவும் எழுதப்போறதில்ல. நான் பல வருஷமா அந்த சர்ச்சுக்குப் போறவன், சிவில் படிச்சவன்னு தெரிஞ்சதும் பி.சி.சி.ல, அதாவது சர்ச் நிர்வாகத்த பாத்துக்குற பாரிஷ் சபையில, கட்டட விஷயத்துக்குன்னு என்னைச் சேத்துக்கிட்டாங்க. ஆனா நான் படிச்சதெல்லாம் கான்கிரீட்டும் சிமெண்டும்தான், இருநூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆன சுண்ணாம்புச் சுவத்தப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்குறத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நடந்த தப்புல என் பங்கும் இருக்கு.

பிரச்சனை என்னன்னா வடக்குச் சுவரு முழுக்க ஈரம். பெயிண்ட் உப்பி உரிஞ்சு விழுது, பூச்சு உதிருது, குளிர்காலத்துல உள்ள நுழைஞ்சாலே நனஞ்ச சாக்கு வாசனை. ஒரு கம்பெனிக்காரங்க வந்து ஈரம் அளக்குற மீட்டர் வச்சுப் பாத்துட்டு தரையில இருந்து ஈரம் ஏறுதுன்னு சொல்லி, சுவத்து அடியில வரிசையா ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும்னு கொட்டேஷன் குடுத்தாங்க. நாங்க கிட்டத்தட்ட கையெழுத்து போடுற நிலைமைக்குப் போய்ட்டோம்.

கட்டடத்தப் பத்தி கொஞ்சம்

இது தெரியாம மீதிக்கதை புரியாது, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

1714ல முதலாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததுல இருந்து 1830ல நாலாம் ஜார்ஜ் சாகுற வரைக்கும் உள்ள காலத்தத்தான் ஜார்ஜியன்னு சொல்றாங்க. எங்க சர்ச் ரெண்டாம் ஜார்ஜ் காலத்துது. இங்கிலாந்து சர்ச்சுன்னா கூர்மையான வளைவு, இருட்டு, கலர் கண்ணாடின்னு மனசுல ஒரு படம் இருக்கும் பாருங்க, இது அப்படி இல்லவே இல்ல. செங்கல் சுவரு, மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் மட்டும் கல்லு, அரைவட்டத் தலை வச்ச பெரிய பெரிய ஜன்னல், அதுல வெறும் தெளிவான கண்ணாடி. உள்ள போனா ஒரு வெளிச்சமான மண்டபம் மாதிரி இருக்கும், தூண் மேல தட்டையான பூச்சுக் கூரை, கிழக்குப் பக்கம் நடுவுல வளைவும் ரெண்டு பக்கம் நேராவும் இருக்குற மூணு பாக ஜன்னல், அதுக்கு வெனிஷியன் ஜன்னல்னு பேரு.

ஏன் இப்படிக் கட்டுனாங்கன்னா அந்தக் காலத்துல ஆராதனையோட மையமே பிரசங்கம்தான். நற்கருணை வருஷத்துக்கு சில தடவைதான் இருக்கும், மத்தபடி ஞாயித்துக்கிழமைன்னா உக்காந்து கேக்குறதுதான், அதனால எல்லாருக்கும் பாக்கவும் கேக்கவும் முடியுற மாதிரி ஒரே அறையா கட்டுனாங்க. பிரசங்க மேடைய மூணு அடுக்கா வச்சாங்க, கீழ ஆராதனையில பதில் சொல்ற கிளார்க், நடுவுல ஜெபம் வாசிக்குறவரு, மேல பிரசங்கம் பண்ற குருவானவரு, தலைக்கு மேல சத்தம் சிதறாம இருக்க ஒரு பலகை. மக்கள் உக்கார கதவு வச்ச பாக்ஸ் பியூ, அதுக்குள்ள இடம் கிடைக்காத வேலைக்காரங்க, தரும பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, பிடிலும் பசூனும் வாசிக்குற ஊர்க்காரங்க எல்லாரும் மேல கேலரியில, அதாவது உள்ளயே இருக்குற பால்கனியில. பணக்காரன் கதவச் சாத்திக்கிட்டு கீழ, ஏழை படியேறி மேல. சமுதாயத்தையே மரத்துல செஞ்சு வச்ச மாதிரி இருக்கும்.

இந்த பாணிக்கு தாய்க்கட்டடம்னு ஒண்ணச் சொல்லணும்னா லண்டன்ல 1722ல ஆரம்பிச்சு 1726ல முடிச்ச செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ். ஜேம்ஸ் கிப்ஸ் கட்டுனது, கோயில் மாதிரி தூண் முகப்பு வச்சு அதுக்குப் பின்னாடி கூரையில இருந்தே கோபுரத்த எழுப்புனாரு. முதல்ல அவரு வட்டமா ஒரு சர்ச்சத்தான் வரஞ்சாராம், செலவு அதிகம்னு அத விட்டுட்டாங்க. 1728ல அவரோட வரைபடம் எல்லாம் அச்சுல வந்ததும் இங்கிலாந்து, அமெரிக்கான்னு எல்லா ஊரு கொத்தனாரும் அதப் பாத்துக் கட்ட ஆரம்பிச்சாங்க. சென்னைக்காரங்க இதுக்கு லண்டன் வரைக்கும் வரவேண்டாம், எழும்பூர்ல 1821ல முடிச்ச செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் இருக்குல்ல, அதோட முகப்பும் கோபுரமும் செயின்ட் மார்ட்டின் சாயல்தான், ஆனா உள்ள போனா வட்டம், மேல குவிமாடம். லண்டன்ல வேணாம்னு விட்ட வட்டத்த எழும்பூர்ல போய் நின்னு பாக்கலாம், எனக்கு அத நினைச்சா இப்பவும் சிலிர்ப்பா இருக்கும்.

இப்ப நம்ம கதைக்கு முக்கியமான விஷயம். ரோமானிய பாணி பிடிச்சவங்களுக்கு சரிவான கூரை கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதனால சுவத்தக் கூரைக்கு மேலயும் தூக்கிக் கட்டி மறைச்சுட்டாங்க. அப்ப மழைத்தண்ணி எங்க போகும்? அந்தக் கைப்பிடிச் சுவத்துக்குப் பின்னாடி, சுவத்துத் தலையிலயே ஈயத்தகடு போட்ட ஒரு மறைவு வாய்க்கால். சாதாரண ஓட்டுக் கூரையோட ஓர வாய்க்கால் ஒழுகுனா தண்ணி வெளிய கொட்டும், இங்க ஒழுகுனா நேரா சுவத்துக்குள்ளதான் இறங்கும்.

முதல் கவனிப்பு

கையெழுத்து போடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நடந்தது இது. கேலரியத் துடைக்குறது, பூ வைக்குறது எல்லாம் ஒரு யாழ்ப்பாணத்து அக்காதான், ரிட்டயர்டு நர்ஸ். ஆராதனை முடிஞ்சு டீ குடிச்சுட்டு இருக்கும்போது என்கிட்ட வந்து சொன்னாங்க.

"தம்பி, நீங்க எல்லாரும் கீழதானே நிண்டு பாக்கிறியள். மழை பெய்யேக்க ஒருக்கா மேல வந்து பாருங்கோ. முதல் நனையிறது மேலதான்."

"இல்லக்கா, மீட்டர் கீழதான் அதிகமா காட்டுது" அப்படின்னேன்.

"மீட்டர் எனக்குத் தெரியாது தம்பி. நான் துடைக்கிற துணி நனையுது, அது தெரியும்."

அடுத்த மழைக்கு நான் போனேன். கேலரியில ஏறி வடக்குச் சுவரும் கூரையும் சேருற மூலையில கைய வச்சேன், சில்லுன்னு இருந்துச்சு, பெயிண்ட் ஒரு பை மாதிரி தொங்கிட்டு இருந்தத கட்டைவிரலால அழுத்துனேன், உள்ள இருந்து தண்ணி கோடா இறங்குச்சு. தரையில இருந்து ஏறுற ஈரம் கேலரி உயரத்துக்கு வரவே வராது, பொதுவா ஒரு மீட்டர், அதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மீட்டர் விஷயமும் அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த மாதிரி கை மீட்டர் எல்லாம் மரத்துக்குன்னு செஞ்சது, மின்சாரம் எவ்வளவு கடத்துதுன்னு பாத்துத்தான் நம்பர் காட்டும், சுவத்துல உப்பு இருந்தா ஈரம் கம்மியா இருந்தாலும் எகிறும். கீழ உப்பு சேந்திருந்துச்சு, அதனால கீழ அதிகமா காட்டுச்சு.

முதல் முடிவு: நிறுத்தி வைக்குறது

கெமிக்கல் வேலைய நிறுத்தணும்னு சபையில சொன்னேன். சிலருக்குக் கோவம், ஏற்கனவே ரெண்டு குளிர்காலம் போச்சு இன்னும் எத்தனைன்னு. நியாயமான கோவம்தான். விகார், அதாவது எங்க சர்ச்சோட குருவானவரு, எங்க எல்லாரையும் பேசவிட்டுட்டு, இன்ஸ்பெக்டிங் ஆர்க்கிடெக்ட்ட கூப்பிட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னாரு.

1955ல வந்த சட்டத்துல இருந்தே சர்ச் ஆஃப் இங்கிலாந்தோட ஒவ்வொரு பாரிஷ் சர்ச்சையும் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை தகுதியான ஒருத்தர் பரிசோதிச்சு ரிப்போர்ட் தரணும். எங்ககிட்டயும் அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்துச்சு. அத எழுதுன ஆர்க்கிடெக்ட் அம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வியே "என் போன ரிப்போர்ட்ட யாராவது படிச்சீங்களா?" அலமாரியில இருந்து எடுத்துப் பாத்தா அதுல ஒரு வரி இருக்கு: வடக்குப் பக்க மறைவு வாய்க்காலை அன்னைக்குப் பாக்க முடியல, சீக்கிரம் ஏணி வச்சுப் பாக்கணும். நாலு வருஷமா அந்த வரி அலமாரிக்குள்ளயே கிடந்திருக்கு. நானும் அந்த ரிப்போர்ட்டப் புரட்டுனவன்தான், தரை, ஒயரிங்னு பாத்துட்டு வச்சுட்டேன்.

மேல என்ன இருந்துச்சு

சாரம் கட்டி ஏறுனோம். வாய்க்கால் முழுக்க பாசி, தண்ணி கீழ இறங்குற வாயில புறாக்கூடு அடைச்சுக் கிடந்துச்சு. அத எடுத்துட்டு ஈயத்தகட்டப் பாத்தா அங்கங்க தார் ஒட்டு. பழைய தகட்ட எப்பவோ மாத்துனவங்க வேலை சுலபமா முடியட்டும்னு ரொம்ப நீளநீளமா போட்டிருக்காங்க. ஈயம் வெயில்ல நீளும், ராத்திரி சுருங்கும், நீளத் தகடா இருந்தா அந்த இழுப்பு தாங்காம நடுவுல கிழியும், கிழிஞ்ச இடத்துல தார் பூசுனா அது அடுத்த கோடைக்கு வெடிக்கும். ஜார்ஜியன் காலத்து ஆளுங்க சின்னச் சின்னத் தகடா, படிபடியாத்தான் போட்டாங்க.

இதுக்கு ஒரு சாட்சியும் கிடைச்சுது. கவுண்டி ஆவணக் காப்பகத்துல எங்க சர்ச்வார்டன்களோட, அதாவது சர்ச் சொத்தப் பாத்துக்குறவங்களோட, பழைய கணக்குப் புத்தகம் இருக்கு, ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தேன். பிளம்பருக்கு குடுத்தது, பிளம்பருக்கு குடுத்தது, கூரையில இருந்து பனி தள்ளுனதுக்கு கூலி, மறுபடி பிளம்பருக்கு குடுத்ததுன்னு போய்ட்டே இருக்கு. பிளம்பர்ங்குற வார்த்தையே ஈயத்துக்கு உள்ள லத்தீன் பேர்ல இருந்து வந்ததுதான், அப்ப அவங்க வேலை குழாய் இல்ல, கூரையில ஈயம் அடிக்குறது. அதாவது கட்டுனவங்களுக்கே தெரியும் இந்த வாய்க்கால் தொட்டில் குழந்தை மாதிரி, பாத்துக்கிட்டே இருக்கணும்னு.

அதுக்கு அடுத்ததுதான் எனக்குப் பயத்தக் குடுத்துச்சு. கேலரியத் தாங்குற ஓக் உத்திரத்தோட ஒரு முனை இதே வடக்குச் சுவத்துக்குள்ளதான் போகுது. ஆர்க்கிடெக்ட் அம்மா ஒரு ஸ்க்ரூடிரைவர எடுத்து முனையில அழுத்துனாங்க, கேக்குல இறங்குற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. சுத்தி தீக்குச்சி கனத்துக்கு வட்ட வட்டமா ஓட்டை. டெத்வாட்ச் வண்டுன்னு ஒண்ணு, ஈரமான பழைய ஓக்குக்குள்ள வருஷக்கணக்கா தின்னுக்கிட்டு இருக்கும். அன்னைக்கே கேலரிய மூடிட்டோம்.

வெளிய வந்து சுவத்தப் பாத்தா இன்னொரு விஷயம். செங்கல் முகம் எல்லாம் உதிர்ந்து உள்ள போயிருக்கு, நடுவுல இருக்குற சிமெண்ட் கோடு மட்டும் ஜன்னல் சட்டம் மாதிரி வெளிய நிக்குது. முறைப்படி அது தலைகீழா இருக்கணும். பழைய செங்கல் சுவத்துல இடையில வர்ற சுண்ணாம்புக் காரை செங்கல்ல விட மெத்துன்னு இருக்கும், உள்ள போன ஈரம் அது வழியா வெளிய வந்து காஞ்சுடும், தேஞ்சா காரைதான் தேயும், அத மறுபடி பூசிக்கலாம். 1824ல போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு பேட்டன்ட் வாங்குனாங்க, அதுக்கப்புறம் மெதுவா எல்லாருக்கும் கெட்டியா இருந்தா நல்லதுன்னு தோண ஆரம்பிச்சுது, எங்க சர்ச்சுல இருபதாம் நூற்றாண்டுல யாரோ நல்ல மனசோட காசு குடுத்து சுவரு முழுக்க செங்கல் இடுக்குல சிமெண்ட் வச்சுட்டாங்க. ஈரத்துக்கு இருந்த கதவச் சாத்தியாச்சு. உள்பக்கம் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சு இன்னொரு கதவையும் சாத்தியாச்சு. நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணி என்ன பண்ணும், செங்கல்லயே உடைச்சுக்கிட்டு வெளிய வரும்.

நடுவுல நாங்க பண்ணுன தப்பு

இத மறைக்கக்கூடாது. வாய்க்கால்ல இருந்து புறாக்கூட்ட எடுத்து, தகட்டுக் கிழிசல தற்காலிகமா அடைச்சதும், சுவரு சீக்கிரம் காயட்டும்னு ஹீட்டிங்க கூட்டி, ஈரம் உறிஞ்சுற மெஷின் ரெண்டு வாடகைக்கு எடுத்து ராத்திரி பகலா ஓட விட்டோம். யோசனை என்னுது. ஆர்க்கிடெக்ட்கிட்ட கேக்கல.

வடக்குச் சுவத்துல, கேலரிக்குக் கீழ, பூச்சு மேலயே கறுப்பு எழுத்துல எழுதுன ஒரு தருமக் கல்வெட்டு மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ஊர் ஏழைகளுக்கு ஞாயித்துக்கிழமை ரொட்டி குடுக்க யாரு எவ்வளவு எழுதி வச்சாங்கன்னு. இந்த மாதிரி பழைய சர்ச்சுல இது சாதாரணமா பாக்குறதுதான். சுவரு வேகமா காஞ்சதும் உள்ள கரைஞ்சிருந்த உப்பு மேல்தோலுக்கு வந்து படிகமாச்சு, படிகமாகும்போது விரியும், விரிஞ்சு பூச்ச தள்ளும். ஒரு திங்கக்கிழமை காலையில போய்ப் பாத்தா தரையில வெள்ளைத் தூளும் கறுப்பு எழுத்துத் துண்டுமா கிடக்கு. துண்டு ஒண்ண எடுத்துப் பாத்தேன், சுண்ணாம்புக்குள்ள மெல்லிசா பழுப்பு முடி. பூச்சு வெடிக்காம பிடிச்சுக்க அந்தக் காலத்துல மாட்டு முடி கலப்பாங்க, அந்த முடி அப்படியே பளபளன்னு இருக்கு. இத்தன வருஷம் தாங்குனத நான் மூணு வாரத்துல கெடுத்துட்டேன்.

அன்னைக்கே மெஷின நிறுத்துனோம், மிச்ச எழுத்து மேல பூச்சு காப்பாத்துற நிபுணர் வந்து மெல்லிசு காகிதம் ஒட்டிப் பாதுகாத்துட்டுப் போனாங்க.

முக்கிய முடிவுகள், அதுக்கான காரணம்

வாய்க்கால் சுத்தம் பண்றது மாதிரி சின்ன வேலைக்கு அனுமதி தேவையில்ல. ஈயம் மாத்துறது, சிமெண்ட எடுத்து சுண்ணாம்பு வைக்குறது, உத்திர வேலை இதுக்கெல்லாம் ஃபேகல்ட்டி வேணும், அதாவது டயோசிஸ்னு சொல்ற பிஷப்போட மறைமாவட்டத்துக்கு நீதிபதியா இருக்குற சான்சலரோட அனுமதி. டயோசிஸ் ஆலோசனைக் குழுகிட்ட கருத்து வாங்கி, 28 நாள் நோட்டீஸ் ஒட்டி, அப்புறம்தான். தாமதமாச்சுன்னு நிறைய பேரு முணுமுணுத்தாங்க, ஆனா அந்தக் குழுவுல இருந்து வந்தவங்கதான் எங்கள பல விஷயத்துல காப்பாத்துனாங்க.

பெரிய சண்டை கேலரியப் பத்தித்தான். உத்திரம் போச்சு, பேசாம கேலரியவே எடுத்துட்டா இடம் கிடைக்கும், வெளிச்சம் வரும்னு ஒரு பக்கம். இது முதல் தடவை வந்த யோசனையும் இல்ல, மத்தியகால கோதிக் பாணிதான் சர்ச்சுக்குச் சரின்னு சொல்லி 1839ல ஆரம்பிச்ச கேம்பிரிட்ஜ் கேம்டன் சொசைட்டி காலத்துல இருந்தே ஜார்ஜியன் சர்ச்சுன்னா பிரசங்கக் கொட்டகைன்னு ஏளனமா பேசி, கேலரி, பாக்ஸ் பியூ, மூணடுக்கு மேடை எல்லாத்தையும் நாடு முழுக்க பிடுங்கிப் போட்டாங்க. எங்க சர்ச்சுலயும் விக்டோரியா காலத்துல தெற்குக் கேலரி போச்சு, பியூ எல்லாம் போச்சு, மேற்கும் வடக்கும் மட்டும் மிச்சம். தெற்குத் தூணுல உத்திரம் இருந்த குழிய பூசி மறைச்ச அடையாளம் இன்னும் இருக்கு. வடக்குக் கேலரி பெஞ்சுல பிள்ளைங்க கத்தியால செதுக்குன எழுத்து இருக்கு, தரும பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களாத்தான் இருக்கணும், அவங்க இந்த ஊர்ல இருந்தாங்கன்னு சொல்ல சர்ச்சுக்குள்ள வேற எந்த அடையாளமும் இல்ல. பெரிய மனுஷங்களுக்கு சுவரெல்லாம் சலவைக்கல்லுல நினைவுப்பலகை இருக்கு. நான் சபையில இததான் சொன்னேன். ஓட்டெடுப்புல கொஞ்ச வித்தியாசத்துல கேலரி தப்பிச்சுது. அழுகுன முனைய மட்டும் வெட்டி, புது ஓக்க சாய்வா இணைச்சு மரையாணி போட்டாங்க, முனை சுவத்த ஒட்டாம காத்து போக இடம் விட்டாங்க.

ஈயம் பழைய முறைப்படி சின்னச் சின்னத் தகடா, படி வச்சுப் போட்டாச்சு, அதோட தண்ணி வாய் அடைச்சா மிச்சம் வெளிய கொட்டுறதுக்கு கைப்பிடிச் சுவத்துல ஒரு குழாய் வச்சோம். கொட்டுனா வாசல்ல நிக்குறவங்களுக்கே தெரியும்.

சிமெண்ட எடுக்குறதுல மெஷின் கட்டர் வேணாம்னு முடிவு, அது செங்கல் ஓரத்தையும் சேத்து அறுத்துடும். உளியும் சுத்தியலும்தான். சில இடத்துல சிமெண்ட் செங்கல்லோட ஒண்ணா ஒட்டிப்போயிருந்துச்சு, பிடுங்குனா செங்கல் போயிடும், அங்க அப்படியே விட்டுட்டோம், பாக்க நல்லா இல்லதான். சுண்ணாம்பு வேலைய உறைபனி முடிஞ்சப்புறம் ஆரம்பிச்சு இலையுதிர் காலத்துக்குள்ள முடிச்சோம், பூசுன இடத்துல நனைச்ச சாக்க தொங்கவிட்டு மெதுவா காய விட்டாங்க, வேகமா காஞ்சா அது இறுகாது, தூளாயிடும். கொத்தனார் ஒருத்தரு கலவைய கரண்டியில எடுத்து திருப்பிக் காட்டுனாரு, விழல. ஊர்ல தாத்தா வீடு கட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊற வச்சுக் காரை அரைச்சதா கேட்டிருக்கேன், எனக்கு அது ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்புறம்

ரெண்டு குளிர்காலம் தாண்டியாச்சு. கேலரி உயரத்துல சுவரு காஞ்சிருக்கு, அக்கா துணி நனையல. கீழ்ப்பக்கம் ஒரு மூலை மட்டும் காயல, அது ஏன்னு தோண்டிப் பாத்தப்ப வெளிய மண்ணு உள்தரைய விட உசரமா இருந்துச்சு, காலங்காலமா அடக்கம் பண்ணிப் பண்ணி கல்லறைத் தோட்டமே ஏறிப்போயிருக்கு, அதுமேல தார்ப்பாதை வேற. ஆக அந்த கம்பெனி சொன்னதுல அந்த மூலை அளவுக்கு உண்மை இருந்துச்சு, ஆனா மருந்து கெமிக்கல் இல்ல, மண்ண இறக்குறது. தொல்லியல் ஆள் பக்கத்துல நிக்க கையாலயே தோண்டுனோம், வந்த எலும்பையெல்லாம் விகார் ஜெபம் பண்ணி மறுபடி அடக்கம் பண்ணுனாரு. அந்த மூலை இன்னும் காய்ஞ்சுட்டுதான் இருக்கு, ரெண்டடி கனத்துச் சுவரு, வருஷக்கணக்குல ஆகும்.

மறுபடி செஞ்சா எத மாத்துவேன்

மழையில மேல ஏறிப் பாக்காம எந்த மருந்துக்கும் கொட்டேஷன் வாங்க மாட்டேன். அஞ்சு வருஷ ரிப்போர்ட் வந்தா அதுல இருக்குற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல யாரு செய்யணும், எப்பன்னு எழுதி சபையில படிக்க வைப்பேன், இப்ப அப்படித்தான் செய்யுறோம். இலை உதிர்ந்து முடிஞ்சதும் ஒரு தடவை, குளிர் முடிஞ்சு ஒரு தடவை ரெண்டு பேரு மேல ஏறி வாய்க்கால போட்டோ எடுத்து தேதியோட வைக்குறாங்க. சர்ச்சத் துடைக்குறவங்க, மணி அடிக்குறவங்க, ஆர்கன் வாசிக்குறவங்ககிட்ட முதல்ல கேப்பேன், அவங்கதான் கட்டடத்த தொட்டுக்கிட்டே இருக்காங்க. எந்த வேலைக்கு முன்னாடியும், பெயிண்ட் அடிக்குறதா இருந்தாலும் சரி, சுவத்துல இருக்குற எல்லா எழுத்தையும் படம் எடுத்துருவேன்.

அந்தத் தரும எழுத்துல கடைசி மூணு வரி போச்சு. முழுசா இருந்தப்ப எடுத்த போட்டோ யார்கிட்டயாவது இருக்கான்னு நோட்டீஸ் போர்டுல போட்டோம், கல்யாணப் போட்டோ எல்லாம் கொண்டுவந்து காட்டுனாங்க, எல்லாத்துலயும் அந்தச் சுவரு பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி மங்கலா இருக்கு. ரொட்டி எத்தனை பேருக்குங்குற வரைக்கும் இப்ப படிக்கலாம். குடுத்தவங்க பேரு இருந்த இடத்துல வெறும் செங்கல்லுதான் இருக்கு, அதப் பூசாம அப்படியே விட்டிருக்கோம்.